கையில் கொடுக்கும் நாய்

மூணுமுக்கில் எறிந்ததைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, மிதிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, பிறகு அது எங்கே போயிற்று என்று கேட்கவும் கூடாது. இந்த நான்கையும் மீறாமல் அந்த ஊர் எத்தனையோ தலைமுறையாகத் தன் காய்ச்சலையும் வயிற்றுவலியையும் கெட்ட கனவையும் அடுத்த வீட்டுக் கண்ணேற்றையும் உப்பிலும் மிளகாய் வற்றலிலும் எலுமிச்சம்பழத்திலும் ஏற்றி, தலையை மூன்று முறை சுற்றி, விளக்கு வைக்கிற நேரத்தில் கொண்டுவந்து எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டது. மூன்று தெருக்கள் வந்து முட்டும் அந்த இடத்தில் குடியிருந்த பதினான்கு வீட்டுக்காரர்கள் மட்டும் எப்போதும் தரையைப் பார்த்தே நடந்தார்கள். காலையில் பார்த்தால் முதல்நாள் எறிந்தது எதுவும் அங்கே இருக்காது. காக்கா தூக்கியிருக்கும், லாரிச் சக்கரம் ஏறியிருக்கும், கூட்டுகிறவர்கள் அள்ளியிருப்பார்கள் என்று ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டார்களே ஒழிய யாரும் விசாரித்ததில்லை.

அந்தப் பதினான்கில் முதல் வீடு ஆவுடைத்தங்கத்தினுடையது. வாசலையொட்டிய அறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றாள். புருஷன் சண்முகவேல் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போய், பாஷை தெரியாத ஊர்களில் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், வந்த களைப்பு தீருமுன் கிளம்பிவிடுவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் அவளும் மகள் கோமுவும்தான்.

கோமுவுக்கு இப்போது எட்டு வயது. ஆறு வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பத்தாம் நாள் டாக்டரம்மா தங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அன்றைக்கு மத்தியானம் தங்கம் பிள்ளையின் மஞ்சள் கவுனில் ஒரு முழம் கிழித்து, உப்பும் வற்றலும் கடுகும் வைத்து முடிந்து, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் பார்க்கப் பார்க்க மூன்று சுற்றுச் சுற்றி, உதடு வெடித்துக் கிடந்த பிள்ளையை மூன்று தரம் துப்பச் சொல்லி, அது துப்ப முடியாமல் வாயை மட்டும் அசைத்ததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஊருக்குப் பஸ் ஏறினாள். சுற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசக் கூடாது என்பதால், நடத்துநர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஊமையைப் போலக் கையால் பதில் சொல்லிக்கொண்டு இரண்டரை மணி நேரம் போய், மூணுமுக்கில் இறங்கி, எறிந்து, திரும்பிப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, பிள்ளை உட்கார்ந்து டீயும் பன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில். அந்த முடிச்சு விழுந்த இடத்தைத் தங்கம் அதன்பிறகு கடந்ததே இல்லை. மாவு கொடுக்க எதிர்த்தெருவுக்குப் போவதாக இருந்தாலும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

நாய், பலசரக்குக் கடை பால்வண்ணம் அண்ணாச்சியின் சாக்குகளுக்கு நடுவில் டம்ளர் அளவில் கிடந்தது. கோமு அதைப் பாவாடையில் ஏந்தி வந்தாள். "வளரவே வளராது போல இருக்கே இது" என்று தங்கம் சலித்துக்கொள்ள, "கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா மதினி" என்று அண்ணாச்சி சொல்ல, அதற்குக் கடுகு என்றே பெயர் நின்றுவிட்டது. வளர்ந்தும் ஒரு பூனையைத் தாண்டவில்லை.

வடக்கே முகாமில் ஒரு நாய், எறிந்த பந்தை ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வருவதைச் சண்முகவேல் போனில் படம் பிடித்து அனுப்பினான். அன்று தொடங்கியது வினை. கோமு பந்தை எறிந்து "கொண்டா" என்பாள். கடுகு பந்துவரை ஓடி, அதன் பக்கத்தில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டு, நீயே வந்து எடுத்துக்கொள் என்பதுபோலப் பார்க்கும். தேங்காய்ச் சிரட்டையை எறிந்தாள், பழைய செருப்பை எறிந்தாள். ஒன்பதாம் நாள் அது செருப்பைக் கவ்விவந்து, வேறு இடம் கிடைக்காததுபோல, பத்துக் கிலோ மாவுக்குள் போட்டது.

"கொண்டு வரட்டும், நான் வேண்டாங்கலை" என்று தங்கம் மாவைக் கொட்டிவிட்டு வந்து சொன்னாள். "ஆனா கண்ட எடத்துல போடக் கூடாதுட்டி. எறிஞ்சவ கையிலதான் குடுக்கணும். கை நீட்டினாத்தான் வாயைத் தொறக்கணும். அப்படிப் பழக்கு, இல்லன்னா ரெண்டு பேரும் வெளிய படுங்க."

கோமு அப்படியே பழக்கினாள். கையை நீட்டும்வரை வாயைத் திறக்காவிட்டால் ஒரு துண்டு வறுக்கி ரொட்டி, திறந்துவிட்டால் ஒன்றுமில்லை. மூன்று நாளில் நாய் படித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கோமு வாய்ப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டதைவிட அது குறைவு.

பிறகு ஒருநாள் பந்து சாக்கடைக்குள் போய்விட்டது. கைக்கெட்டிய தூரத்தில் உருண்டையாக இருந்தது மூணுமுக்கில் எப்படியோ போகாமல் கிடந்த எலுமிச்சம்பழம் ஒன்றுதான். தொடக் கூடாது என்பது கோமுவுக்குத் தெரியாததல்ல. பூவரச இலையால் பிடித்து எடுத்தால் அது தொட்டதாகாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் செய்துகொண்டு எடுத்து எறிந்தாள், "கொண்டா" என்றாள். கடுகு ஓடியது, கவ்வியது, திரும்பியது, கோமு நீட்டிய கையைத் தாண்டி, மாவுக்கடையைத் தாண்டி, நேரே போய் பால்வண்ணம் அண்ணாச்சியின் கடைமுன் நின்றது. அண்ணாச்சி வேடிக்கையாகக் கையை நீட்டினார். பழம் கையில் விழுந்ததும் அவருடைய கழுத்து இடப்பக்கமாகப் பிடித்துக்கொண்டது. பங்குனியில் அதே கழுத்துப் பிடிப்பைத்தான் அவர் அந்தப் பழத்தில் சுற்றி எறிந்திருந்தார்.

"நான் எறிஞ்சதுதான்" என்றார் அண்ணாச்சி, கோணிய கழுத்தோடு பழத்தைப் புரட்டிப் பார்த்து. "கொண்டாந்துட்டு." தபால் வந்துவிட்டது என்பதுபோலத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு யாரும் எறியவும் வேண்டியிருக்கவில்லை, "கொண்டா" என்று சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கடுகு காலையில் மூணுமுக்குக்குப் போகும், தரையை மோந்து பார்க்கும், வெறும் மண்ணிலிருந்து எதையாவது கவ்விக்கொண்டு நிமிரும். மாசியில் எறிந்தது வந்தது, தையில் எறிந்தது வந்தது, பிறகு மார்கழியில் எறிந்தது. தையல்கார முக்கம்மாள் தன் மகனுக்குத் திக்குவாய் தீரச் சுற்றி எறிந்த மிளகாய் வற்றல் ஏழும் நொறுங்காமல் வந்து அவள் கையில் விழுந்தன. எல்லோரும் மகனுக்குப் போன் போட்டார்கள். கோயம்புத்தூரில் இருந்த மகன் தண்ணீர் ஓடுவதுபோலப் பேசினான். "எ எ எனக்குல்லா வந்திருக்கு" என்றாள் முக்கம்மாள்.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது, வருவது எறிந்த கைக்குத்தானே தவிர, யாருக்காக எறிந்தோமோ அவர்களுக்கல்ல என்று. அதுவரை ஒரு வாய் சோறு இறங்காமல் கோமுவின் நெற்றியை நாளைக்கு இருபது தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தங்கம், அன்றைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிள்ளைக்கு வராது. எனக்குத்தான் வரும். அந்த நினைப்பு அவளுக்கு வெல்லமாக இனித்தது, இரண்டு நாளைக்கு. மூன்றாம் நாள், தன் உடம்பு அதைத் தாங்குமா, தாங்காவிட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் என்ற பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அது பிறகு எழுந்து போகவே இல்லை.

ஊர் எதற்குத்தான் பழகாது. முதலில் கையை நீட்டாமல் இருக்கப் பழகினார்கள். அண்ணாச்சி சாமானைத் தட்டில் வைத்துத் தள்ளினார். பூசாரி திருநீற்றை இலையில் வைத்துவிட்டு நகர்ந்தார். மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார்கள். மேலத்தெருக் கல்யாணத்தில், நாய் எந்தத் தெருவில் நிற்கிறது என்று ஆள் அனுப்பி விசாரித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்தார். ஆனாலும் நீட்டாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? ஓய்வுபெற்ற நடத்துநர் சுடலைமுத்து, தெருச் சங்கத் தலைவர், வைராக்கியம் உள்ள மனுஷர், மூன்று நாள் நீட்டாமல் இருந்தார். கடுகு அவர் வாசலில் மூன்று நாள் நின்றது. சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, குரைக்கவில்லை, வாயோரம் எச்சில் வழிய, வாலை ஆட்டிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் போய் வேறு ஆள் கை நீட்டினால் ஏறிட்டும் பார்க்காது. வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தால் கல்லில் ஒட்டியது போலிருக்கும். நான்காம் நாள் காலை மருமகள் "இந்தாங்க மாமா" என்று காப்பி டம்ளரை நீட்டினாள். முப்பது வருஷம் பஸ்ஸில் நீட்டிப் பழகிய கை, தானாக நீண்டது. டம்ளருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வந்து விழுந்தது. பெண்டாட்டிக்காக என்றைக்கோ அவர் எறிந்திருந்த கைநடுக்கம் அன்றிலிருந்து அவருக்கு.

வேறு மாதிரி வந்தவளும் உண்டு. கீழத்தெருவில், செத்துப்போன மகன் தினம் கனவில் வந்து பசிக்கிறது என்கிறான் என்று, அந்தக் கனவைச் சுற்றி எறிந்திருந்த ஒருத்தி, நாய்க்கு முன்னால் நாலு நாள் கையை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். "பசிக்குன்னுதானய்யா சொன்னான், அதுக்குப் போயி விரட்டிட்டேனே" என்று நாயிடம் அழுதாள். கடுகு அவளுக்கு எதையும் கொண்டுவரவில்லை. அவள் முறை வரவில்லை. அவள் எறிந்து ஐந்து வருஷமாயிற்று.

சங்கத்தைக் கூட்டினார்கள். இனி யாரும் எதையும் சுற்றி எறியக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. பழையதாவது மாதக் கணக்கில் பின்னோக்கி, வரிசையில் வந்தது. புதிதாக எறிந்தால், எறிந்தவர் கால் கழுவுமுன் நாய் வந்து நின்றது. நாயைச் சுரண்டைச் சந்தையில் விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை அது மூணுமுக்கில் மோந்துகொண்டிருந்தது. அடித்துப் போட்டுவிடலாம் என்று ஒருவர் எழுந்தார்.

"அது களவாண்டா கொண்டாருது? நாம எறிஞ்சதைத்தான கொண்டாருது" என்றார் சுடலைமுத்து, நடுங்கும் கையை மடியில் அமுக்கிக்கொண்டு. "சரி, கொல்லுதேன்னே வையி. செத்த நாய் வாயில கெடக்கது யார் கைக்கு வரும்? அதைச் சொல்லிட்டு அடி." எழுந்தவர் உட்கார்ந்தார்.

தங்கம் மட்டும் மாவு ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டாள். "எப்ப எறிஞ்சது எக்கா?" ஐப்பசி என்றார்கள். புரட்டாசி என்றார்கள். அடுத்த வாரம், போன வருஷச் சித்திரை என்றார்கள். அதற்கடுத்த வாரம், அதற்கும் முந்தின வருஷக் கார்த்திகை. அப்புறம் ஐப்பசி, அப்புறம் புரட்டாசி. புரட்டாசிக்கு முந்தியது ஆவணி என்று தெரிய ஒருவரும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. சண்முகவேலுக்குப் போன் போட்டாள். "தீவாளிக்கு வந்துருதேன், அதுக்கு முன்ன விடமாட்டான்" என்றான். அவள் சரி என்று வைத்துவிட்டாள். கோமுவுக்குச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தாள், தலையைத் தானே பின்னிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தாள். முக்கம்மாளைக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணுன்னா புள்ளையைப் பாத்துக்கிடுதியா" என்றாள். முக்கம்மாள் அவசரத்தில் வார்த்தை திக்கிக்கொள்ள, தலையை ஆட்டி ஆட்டி அழுதாள்.

"இப்ப எதுக்கும்மா எனக்குப் பின்னச் சொல்லித்தார?" என்று கோமு கேட்டாள்.

"பெரிய புள்ளையாயிட்டல்லா."

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, கடுகு மஞ்சள் துணியைக் கவ்விக்கொண்டு வாசலில் வந்து நின்றது. துணி வெளுக்கவில்லை, இற்றுப்போகவில்லை, அன்று கிழித்த நூல் பிசிறுகூட அப்படியே இருந்தது. நீட்டாமல் இருந்தால் அது நிற்கும். பிள்ளை போகிற வருகிற படியில், பிள்ளையைக் கொல்ல வந்த அந்தக் காய்ச்சலை வாயில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் நிற்கும். கோமு பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே முடிந்துவிடட்டும் என்று நினைத்தாள். கிரைண்டரை நிறுத்தினாள், மாவுக் கையைக் கழுவித் துடைத்தாள், நீட்டினாள். "குடு" என்றாள். முடிச்சு கையில் விழுந்தது. அது சுட்டது.

அதன்பிறகு அவளுக்கு நாள் தெரியவில்லை. முக்கம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள், நர்சம்மா வந்து மாத்திரை கொடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். நாளைக்குக் காலையில் வண்டி சொல்லியிருக்கிறது என்று சுடலைமுத்து வாசலில் நின்று சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. உதடு வெடித்தது. ஆறு வயதுப் பிள்ளை இதையா தாங்கியது என்று நினைத்து நினைத்து, காய்ச்சலுக்குள்ளேயே அழுதாள். அவளுடைய மூடிய கைக்குள் அந்த முடிச்சு இருந்தது. யார் பிரித்தும் கை பிரியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் யாரோ உடம்பெல்லாம் பச்சைத் தண்ணீரை ஊற்றியதுபோலக் காய்ச்சல் இறங்கியது. தலை தெளிந்தது. கூரையின் ஓடு ஓடாகத் தெரிந்தது, வெளியே பஸ் போவது கேட்டது, பசித்தது. அப்பாடா என்று கையை விரித்தாள். கை காலியாக இருந்தது.

பின்கட்டில் யாரோ கால் கழுவுகிற சத்தம்.

கோமு ஈரக்காலோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "யம்மா, ஒனக்குச் சுத்திப் போட்டுட்டேன். ஒன் கையில இருந்துச்சுல்லா அந்த முடிச்சு, நான் இழுக்கவும் வந்துட்டு. மூணு சுத்து. நீ துப்பலை, ஒனக்குப் பதிலா நானே துப்பிட்டேன். திரும்பியே பாக்கலை. வழியில சுடலைத் தாத்தா என்னட்டி கையிலன்னு கேட்டாரு, நான் பேசவே இல்லையே."

தங்கம் தன் ஆயுளில் அப்படிப் பயந்ததில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அன்றைக்கு எறிவதற்கு ஒரு இடம் இருந்தது.

"கடுகு எங்கட்டி?"

"அதுக்குத்தான் மொதல்லயே கெட்டிப் போட்டுட்டுல்லா போனேன். கிரைண்டர் கால்ல. ரெண்டு முடிச்சு போட்டேன்."

தங்கம் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து மாவறைக்குப் போனாள். கிரைண்டர் காலில் கயிறு இருந்தது, இரண்டு முடிச்சும் இருந்தன. நாய் வாசல்படியில் நின்றது. வாயில் மஞ்சள் துணி. அது தங்கத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஓடிவந்த கோமுவைப் பார்த்து வாலை ஆட்டியது. தங்கம் முழங்காலிட்டு அதன் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினாள். "எனக்குக் குடு. நான்தான எறிஞ்சேன், நாந்தான மொதல்ல எறிஞ்சேன், ஏ கடுகு, எனக்குக் குடு." துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பூமியில் நட்டதை இழுப்பது போலிருந்தது. நாய் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவள் கோமுவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தன் மார்போடு அமுக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விளக்கு வைத்தார்கள். தெரு வந்து பார்த்தது. சுடலைமுத்து வந்தார், அண்ணாச்சி கோணிய கழுத்தோடு வந்தார், முக்கம்மாள் வந்து பிள்ளைக்குச் சோற்றை ஊட்டிவிட்டாள். சண்முகவேலுக்குச் சொல்லியாயிற்று, கிளம்பிவிட்டான், வர மூன்று நாளாகும் என்றார்கள். கக்கத்தில் கையைச் செருகிக்கொண்டு நின்றுவிட்டு, ஒவ்வொருவராகப் போனார்கள்.

விடிந்தது. நாய் நின்ற இடத்திலேயே நின்றது. எச்சில் வழிந்து படியில் காய்ந்திருந்தது. வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் மெதுவாக. ஐந்து நாள் காய்ச்சலில் வற்றிய தங்கத்தின் கைகள் மரத்து, பிடி தன்னை அறியாமல் தளர்வதும் திடுக்கிட்டு அவள் மறுபடி இறுக்குவதுமாக இருந்தது. அவள் மடியில் கோமு விழித்துக்கொண்டாள். தன் நாயை வெகுநேரம் பார்த்தாள். அதன் உதட்டோரம் துணி உரசிப் புண்ணாகியிருந்தது.

"யம்மா, கையை விடும்மா" என்றாள், நல்ல பிள்ளை கேட்பதுபோல மெதுவாக. "பாவம், அதுக்கு வாய் வலிக்கும்லா."